பாதி கம்ப்யூட்டர்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் ஒரு கால் சொன்ன பேச்சு கேட்காது. இதில் உட்காருங்கள். பையைக் கீழே வையுங்கள். மடியில் வைத்திருந்தால் பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவீர்கள் போல் இருக்கிறது. தையல்! காலேஜிலிருந்து வந்திருக்கிறார்கள். காபி.

முதலில் கேசட்டைக் கொடுங்கள்.

இதுதானா? இருதயராஜ் கையெழுத்தேதான். ‘மாசி, தமிழ் எழுத்து’ என்று எழுதியிருக்கிறான். மாசி என்றால் நான். மாசிலாமணி என்கிற பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன். திருடிய பொருளின் மேல் சொந்தக்காரன் பெயரை எழுதி நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த திருடனை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இருக்கட்டும். இங்கே வைக்கிறேன். இது என் பத்திரமான இடம். இதுவா? சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர். பொன்மலைப்பட்டியில் ஒரு டூரிங் டாக்கீஸை மூடியபோது எடுத்து வந்தேன். முகம் கீழே, முதுகு மேலே. முதுகில் இந்த வட்ட இரும்பு சின்ன மணை மாதிரி இருக்கிறதல்லவா, இதன் மேல் ஸ்குரூ வைத்தால் உருளாது. ஃபேன் போட்டாலும் நகராது. என் வீட்டில் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிற சாமான்கள் எல்லாம் இதன் மேல் வைத்தவைதான். பாருங்கள், கேசட்கூட ‘டிக்’கென்று உட்கார்ந்துகொண்டது.

போட்டுப் பார்க்கலாம், நகலும் எடுக்கலாம், எல்லாம் செய்யலாம். ரெக்கார்டர் அதோ இருக்கிறது, நன்றாக ஓடும். வெள்ளிக்கிழமைதானே உங்கள் விழா? அவன் கதையை நேற்று உட்கார்ந்து கேட்டீர்கள். என் கதையை இன்றைக்குக் கேளுங்கள். அதுதானே நியாயம்.

எனக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. பொன்மலையில் மெக்கானிக். அவன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். பழைய ரேடியோ சாமான் விற்கிற ஒரு கடையில்தான் பழக்கம். எண்பத்திரண்டில் எனக்கு ஓர் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். வாங்க இல்லை, செய்ய. அப்போது இந்த ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஜோசியம் சொல்லும் மிஷின் என்று நினைத்தவர்கள் உண்டு. பிராசஸர் என்று ஒரு சிப் வந்திருக்கிறது, நாற்பது கால், பூரான் மாதிரி, அதைச் சுற்றி நாமே கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன். அவனிடம் சொன்னேன். “செஞ்சிடலாம் மாசி” என்றான். அவ்வளவுதான் அவன் பங்கு.

சரி, மெட்ராஸுக்குப் போய் சிப்பை வாங்கி வந்தது அவன். ரிச்சி தெருவில் இல்லை என்றார்கள் என்று பர்மா பஜாருக்குப் போய், கப்பலில் வேலை செய்யும் யாரோ ஒருவனைப் பிடித்து வாங்கி வந்தான். கையில் தொட்டால் சிப் செத்துவிடும் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தில் சுற்றி, அதைத் தெர்மோகோலில் குத்தி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, தூங்காமல் வந்திருக்கிறான். அதுவும் யார் சொன்ன யோசனை? என்னுடையது.

டிவியும் அவன் வீட்டு டிவிதான். பிலோமினாவின் அண்ணன் இவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பிலோமினா அவன் மனைவி. அப்போது நம் ஊரில் டிவி என்றால், காற்று நன்றாக இருந்தால் இலங்கை ஒளிபரப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் புள்ளியையும் பார்க்க விடாமல் டிவியை இங்கே தூக்கி வந்துவிட்டோம். “படம் வராத டிவியை வெச்சு பாடம் படிக்கிறாங்களாம் ரெண்டு பேரும்” என்று அந்தப் பெண் சிரிக்கும். கீபோர்டு, ஏலத்தில் எடுத்த டெலிபிரிண்டரிலிருந்து, தந்தி ஆபீஸில் தட்டுவார்களே அந்த மிஷினிலிருந்து, கழற்றியது. அதைக் கழற்றியது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் மூளை யார், கை யார் என்று நீங்கள் எழுதும்போது தெளிவாக இருக்க வேண்டும். படம் வரைந்தது நான். வயர் சுற்றியது அவன். எக்ஸ்சேஞ்சில் அதுதான் அவனுக்குத் தினசரி வேலை. முதல் போர்டை முடித்து ஸ்விட்ச் போட்டால் டிவியில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. பல நாள் அவன்தான் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் என்னைக் கூப்பிட்டான்.

“மாசி, நீ சிப்பை மேலேர்ந்து பாத்து வரைஞ்சிருக்க. நான் கீழேர்ந்து வயர் சுத்தறேன். உனக்கு இடது எனக்கு வலது. அத்தனையும் கண்ணாடியில பாத்த மாதிரி தலைகீழா இருக்குடா.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் குறித்துக்கொண்டேன். எல்லா வயரையும் பிரித்துத் திரும்பச் சுற்றினான். விரல் நுனியெல்லாம் கொப்புளம். சுற்றட்டும். போர்டை எந்தப் பக்கமிருந்து தொடப் போகிறோம் என்று தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டியது அவன்தானே?

காபி குடியுங்கள். இவள்தான் தையல்நாயகி, என் மனைவி. தையல், இவர்கள் ரெஹானா, காலேஜில் கம்ப்யூட்டர் டீச்சர். நம் பாதியை வாங்கிப்போக வந்திருக்கிறார்கள். என்ன? அதை அங்கேதான் வைத்திருக்கிறேன். நீ போ.

இவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும்.

இனிதான் முக்கியம். அந்த மிஷினில் என்ன செய்வது? இங்கிலீஷ் எழுத்தை எவனும் காட்டுவான். நான் தமிழைக் காட்டுகிறேன் என்றேன். ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தேன். புள்ளியை எண்ணாக்கி, எண்ணை ஒவ்வொன்றாக அந்த டெலிபிரிண்டர் கீபோர்டில் தட்டி உள்ளே ஏற்றினேன். கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும், அந்த மெமரி அப்படி. அதனால் தட்டியதையெல்லாம் கேசட்டில் பதிவு செய்ய வேண்டும். ஆமாம், பாட்டுக் கேட்கும் அதே கேசட். எண்ணெல்லாம் சத்தமாக மாறும். கீ... என்று, எண்ணெய் காணாத கதவு மாதிரி. அதைத் திரும்பப் போட்டால் மிஷின் காதால் கேட்டு எழுத்தாக்கிக்கொள்ளும். முதல் முறை ‘மா’ என்று டிவியில் வந்தபோது தையல் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள். “நம்ம எழுத்துங்க” என்றாள். நம்ம எழுத்து இல்லை, என் எழுத்து. நான் வரைந்தது.

தாள்களா? கேசட்டில் ஏறியதும் வீசிவிட்டேன். மிஷினுக்குள் போன பிறகு காகிதம் எதற்கு? அப்படி நினைத்தவன் நான். காலத்துக்கு முன்னால் இருந்தேன். “ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாம் மாசி” என்று அவன் ஒருநாள் சொன்னான். கூடாது என்றேன். நகல் என்று ஒன்று இருந்தால் அது நாலு கைக்குப் போகும். ஒன்றே ஒன்று. அதையும் இதோ, இந்த ஸ்பீக்கர் மேல்தான் வைத்தேன். அப்போதும் இதே ஸ்பீக்கர், இதே இடம்.

பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் பார்க்க வருகிறார் என்றார்கள். எங்களுக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். ஸ்விட்ச் போட்டதும் முதலில் டிவியில் ஒரு பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். மாசிலாமணி. அவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “என் பேரும் ஒரு வரி போடேன் மாசி. பிலோமினா வரா” என்றான்.

மெமரி போதாது என்றேன். உண்மையும் அதுதான். அவன் பெயரில் கடைசியில் ‘ஜ்’ வருகிறது. அந்த எழுத்துக்கு நான் புள்ளி வரையவே இல்லை. ஒரு ஆளுக்காக ஒரு எழுத்தை வரைந்து, மெமரியை வீணாக்க முடியுமா? அவன் சரி என்றுதான் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் உள்ளே எரிந்திருக்கும். எரியாமலா இருக்கும்? அதுதான் காரணம். அந்த எரிச்சலில்தான் செய்தான். இதை யாரிடம் சொன்னாலும், இருதயராஜ் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறார்கள். எந்தத் திருடன் பார்ப்பதற்குத் திருடன் மாதிரி இருந்தான், சொல்லுங்கள்.

கண்காட்சி அன்று காலையில் ஸ்பீக்கர் மேலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதமாக யாரும் தொடாமல் அங்கேயே இருந்தது. நல்ல கூட்டம். டிவியைப் பார்த்ததும் “என்ன படம் சார் போடறீங்க?” என்றார் ஒருவர். “சண்டைப் படமா?” என்றார் இன்னொருவர். புரொபசர் வந்தார். கேசட்டைப் போட்டேன். கீ... என்றது. சரிதான். உடனே நின்றது. ஸ்ஸ்ஸ் என்று வெறும் இரைச்சல். திரும்பக் கீ. திரும்ப ஸ்ஸ். கீ, ஸ்ஸ், கீ, ஸ்ஸ், மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி. “டேப் சிக்கிக்கிச்சு சார், பென்சிலை விட்டு சுத்துங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல். டிவியில் ஒன்றும் வரவில்லை. புரொபசர் நின்றார், நின்றார், “வெரி குட், முயற்சி பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வாழை நாரில் கயிறு திரிக்கும் மிஷின். பரிசு அதற்குத்தான் போயிற்று.

அப்போது அவன் என் காதில் சொன்னான்: “மாசி, பதறாதே. வீட்டுல ஒண்ணு இருக்கு. சைக்கிள்ல போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஒண்ணுன்னா?”

“நகல்டா. போன மாசம் உனக்குத் தெரியாம எடுத்து வெச்சேன். கோவிச்சுக்காதே. இப்படி ஆயிடும்னு பயந்துதான் எடுத்தேன்.”

கேட்டீர்களா? இப்படி ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு மாதம் முன்பே எப்படித் தெரியும்? நான் அங்கேயே பிடித்துவிட்டேன். நகல் எடுத்திருக்கிறான். பிறகு மூலத்தை அழித்திருக்கிறான். கூட்டத்தின் முன்னால் என் மிஷின் ஊமையாக நிற்க, இவன் நகலைக் கொண்டுவந்து காப்பாற்றுவதுபோல் காப்பாற்றி, பெயர் வாங்கிக்கொள்ளத் திட்டம். அழிப்பது பெரிய வேலையா? டேப் என்பது என்ன? பிளாஸ்டிக் நாடாவில் பூசிய துரு. காந்தம்தான் அதில் எழுதும் பேனா. காந்தம்தான் அழிக்கும் ரப்பர். ஒரு நல்ல காந்தத்தின் பக்கத்தில் கேசட்டைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், முடிந்தது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எக்ஸ்சேஞ்சில் வேலை செய்பவனுக்குக் காந்தத்துக்கா பஞ்சம்? எந்த ரிலேயைத் திறந்தாலும் காந்தம். இந்த அறைக்குள் என்னையும் அவனையும் தவிர யார் வந்தார்கள்? யாரும் இல்லை.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பாத்ரூமா? இல்லையா? அப்படியென்றால் உட்காருங்கள். கேசட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

என்ன செய்தேன் என்று கேளுங்கள். சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் மிஷினைப் பிரித்தேன். மெமரி போர்டும் கீபோர்டும் எனக்கு. பிராசஸர் போர்டும் டிவியும் உனக்கு. பாகப் பிரிவினை. “மாசி, ரெண்டும் சேர்ந்தாத்தாண்டா அது கம்ப்யூட்டர்” என்றான்.

“தெரியும். அதனாலதான் பிரிக்கிறேன்” என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றாக இருக்கிறது. பிலோமினா கைக்குழந்தையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

கீபோர்டு அதோ அலமாரியில். இதோ, இந்த பிஸ்கட் டின்னில்தான் மெமரி போர்டு இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்துத் திரும்ப மூடுவேன். இது இங்கே இருக்கிற வரை அவனிடம் இருப்பது வெறும் தகரம். அவனுக்கும் அது தெரியும். தினமும் தெரியும். அதுதான் எனக்கு வேண்டியது.

அதோடு நான் விட்டேன் என்று நினைக்காதீர்கள். எண்பத்தொன்பதில் மேலப்புதூரில் அவன் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் திறந்தான். பிலோமினா பெயரில். கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் நாலு. வாசலில் பெயர்ப் பலகை, விளக்கு, எல்லாம் ஜோர். எதிரே ஒரு டீக்கடை. ஷிப்ட் முடிந்ததும் நான் நேராக அந்த டீக்கடைக்குப் போய்விடுவேன். பிள்ளைகளைச் சேர்க்க யாராவது வந்தால் பேச்சுக் கொடுப்பேன்.

“பொண்ணைச் சேக்கவா சார்? நல்லா சொல்லிக்கொடுப்பார். ஒண்ணே ஒண்ணு, ஃபிளாப்பி எதையும் அவர் கையில குடுத்துடாதீங்க. நமக்குத் தெரியாம நகல் எடுத்துக்குவார். பழைய பழக்கம்.”

பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒரு வார்த்தை பொய் இல்லை. நகல் எடுத்தானா இல்லையா? எடுத்தேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் அதைத்தான் சொன்னேன், வேறு கூட்டவில்லை, குறைக்கவில்லை. டீக்கடைக்காரர்கூட, “என்ன சார், தினமும் அவருக்கு விளம்பரம் பண்றீங்க போல” என்று கிண்டல் செய்வார். இரண்டாவது வருஷம் மூடிவிட்டான். சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போனான். செய்தி வந்த அன்று தையலைப் பாயசம் வைக்கச் சொன்னேன். சேமியா தீர்ந்துவிட்டது என்றாள். நானே போய் வாங்கி வந்தேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றாள். காலையில் இருந்த சர்க்கரை.

பிலோமினா இறந்ததற்கு நான் போகவில்லை. தையல் தனியாகப் போய்விட்டு வந்தாள். வந்து குளித்துவிட்டு, “அவர் உங்களை ஒரு வார்த்தை திட்டலைங்க. சாப்பிட்டானான்னு கேட்டார்” என்றாள். நடிப்பு. சாவு வீட்டிலும் நடிக்கிறான் பாருங்கள்.

அது முடிந்து கொஞ்ச நாளில் இங்கேயே வந்துவிட்டான். அந்த வாசல்படியில்தான் நின்றான். கையில் இந்தக் கேசட். ஆமாம், இதேதான். “மாசி, இது உன்னுது. வாங்கிக்கோ” என்றான். நான் வாங்கவில்லை. அப்படிச் சுலபமாக முடித்துக்கொள்ள விடுவேனா? அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். இந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“மாசி, அந்தக் கேசட்டை நீ எங்கே வெச்சிருந்தே? அந்த ஸ்பீக்கர்...”

“ஏன், ஸ்பீக்கரையும் எடுத்துட்டுப் போகலாம்னு வந்தியா?” என்றேன். “வெளியே போடா.”

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டான். என்ன சொல்ல வந்தான்? ஏதோ ஒரு சமாதானம். அதைக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்து?

அன்றைக்குச் சாயங்காலம் இவளும் ஆரம்பித்தாள். “அந்த இரும்பு மேல என் வாட்சைக் கழட்டி வெச்சீங்க, ஞாபகம் இருக்கா? ஒரே நாள்ல நின்னுபோச்சு. ரிப்பேர் கடைக்காரன் காந்தம் ஏறிடுச்சும்மான்னான். கேசட்டுக்கு மட்டும் ஏறாதா?” என்றாள். எப்படி இருக்கிறது? வாட்ச் நின்றதற்குக் காரணம் அது இவள் தம்பி வாங்கிக் கொடுத்த வாட்ச். அவன் எதைத்தான் நல்லதாக வாங்கினான்? சிக்னல் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் காந்தத்தோடு வேலை பார்த்தவன் நான். எனக்கு வந்து காந்தம் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் பக்கம் பேச வேண்டும், அதற்கு ஒரு சாக்கு. இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்றேன். எடுக்கவில்லை. இன்று வரை எடுக்கவில்லை. அதற்கு நான் அவளைப் பாராட்ட வேண்டும்.

அம்மா, நீங்கள் ஏன் இப்படித் தவிக்கிறீர்கள்? கையை நீட்ட வேண்டாம் என்று சொன்னேனே. அதை எடுத்து நீங்கள் கீழே போட்டுவிட்டால்? இருக்கிறது இந்த ஒன்றுதான் என்று நீங்களே சொன்னீர்கள். நேற்று அவன் வீட்டில் போட்டுக் கேட்டபோதே போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டதாகச் சொன்னீர்கள். ‘மாசியைக் கேக்காம வேண்டாம்மா, ஒரு தடவை கேக்காம எடுத்துத்தான் இவ்வளவும் ஆச்சு’ என்றானாம். பார்த்தீர்களா! பயம். திருடிய பயம் நாற்பது வருஷமானாலும் போகாது.

அவனுக்கு உடம்பு முடியவில்லை, வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் கூட்டி வரப்போகிறோம், ஒரே ஒரு தடவை இரண்டு பாதியும் சேர்ந்து ஓடிப் பார்க்க வேண்டும் என்கிறான், இல்லையா? வரட்டும். நன்றாக வரட்டும். முன் வரிசையில் உட்கார வையுங்கள். நான் என் பாதியைத் தருகிறேன். ஏன் தருகிறேன் தெரியுமா? நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவன் முன்னால், அத்தனை பேர் முன்னால், அந்த டிவியில் ஒரே ஒரு பெயர் வர வேண்டும். மாசிலாமணி. அவன் நாற்பது வருஷம் ஒளித்து வைத்த கேசட்டிலிருந்தே என் பெயர் வர வேண்டும். அவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் உயிரோடு இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி. இப்போது போடலாம். உங்கள் போனை எடுங்கள், பக்கத்தில் வையுங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கும் கேட்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. என் கையால் தட்டியது. கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

இதோ எடுக்கிறேன். பாருங்கள், வர மாட்டேன் என்கிறது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் வந்துவிடும். வந்துவிட்டது.

பேசாமல் இருங்கள். தையல், நீயும் சும்மா நில்லு.

கீ...

கேட்டீர்களா? இதுதான்! இதுதான் என் சத்தம்! முதலில் இப்படி நீளமாக ஒரு இழுப்பு இழுக்கும், மிஷின் காதைத் தீட்டிக்கொள்வதற்காக நான் வைத்தது. அப்புறம்தான் எழுத்து. இதோ, இனி ‘மா’...

இருங்கள்.

இருங்கள், இருங்கள். சத்தத்தைக் கூட்டுகிறேன்.

ஸ்ஸ். கீ. ஸ்ஸ். கீ.

ஹா! கேட்டீர்களா? அதேதான் அம்மா! அன்றைக்கும் இப்படித்தான், அப்படியே, கொஞ்சம்கூட மாற்றம் இல்லாமல். மூச்சு வாங்குகிற மாதிரி. பாலக்கரையில் கேட்ட அதே சத்தம். அதே கை, அதே வேலை. இதையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறான். முழுதாக அழிக்காமல், எலி கடித்த மாதிரி நடுநடுவே. எவ்வளவு வஞ்சம் பாருங்கள்! நாற்பது வருஷமாக நான் சொன்னேன், ஒருவர் நம்பவில்லை. இப்போது உங்கள் போனிலேயே பதிவாகிவிட்டது. சாட்சி!

என்ன? நேற்று அவன் வீட்டில் முழுதாக ஓடியதா? ஒரு இடத்தில்கூட நிற்கவில்லையா? நீங்களே காதால் கேட்டீர்களா? அப்படியென்றால் நீங்கள் கேட்ட பிறகு செய்திருக்கிறான். கேட்டதும் உங்கள் பையில் வாங்கி வைத்துக்கொண்டீர்களா? அதன் பிறகு உங்கள் கையை விட்டு எங்கும் போகவில்லையா?

பிறகு எப்படி?

ஏதோ செய்திருக்கிறான். தானாகவே அழிகிற மாதிரி ஏதோ செய்து கொடுத்திருக்கிறான். அவன் கை நேர்த்தி உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அழாதீர்கள் அம்மா. நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? நீங்கள் என்ன செய்வீர்கள், அவன் ஏமாற்றியதற்கு? இந்தாருங்கள், என் பாதி. டின்னையும் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இனி எனக்கு இது வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். அவன் முகத்துக்கு நேரே இந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுகிறேன். அதனால் கேசட் மட்டும் என்னிடம் இருக்கட்டும். சாட்சியாயிற்றே. பத்திரமாக இதன் மேலேயே வைக்கிறேன்.

தையல், இன்றைக்காவது பாயசம் வை. சேமியா இருக்கிறதா?

கேட்கிறேனே, காதில் விழவில்லையா? ஏன் இரண்டு பேரும் அந்த ஸ்பீக்கரையே பார்க்கிறீர்கள்?